செட்டிநாட்டுத் தூணுக்குப் பின்னால் ஓர் ஆறு

பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து, முகப்பில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பையன் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான். இரண்டு கையும் எட்டவில்லை.

"இவ்ளோ பெரிய மரம் எப்படி அப்பத்தா இங்க வந்துச்சு?"

"பர்மாவிலேர்ந்து கப்பல்ல வந்துச்சு."

"கப்பல் வரைக்கும் யாரு தூக்கிட்டு வந்தா?"

அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதை ஆறு கொண்டாந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாக்குவெட்டியைத் தேடப் போய்விட்டார்.

அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. பர்மா என்றால் நம் பக்கத்தில் பேச எத்தனையோ இருக்கிறது. கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிக்கப் போன கதை, பலர் சேர்ந்து தங்கிக் கடை வைத்த கிட்டங்கிக் கதை, வட்டிக்கடைப் பெட்டியடிக் கணக்கு, ஜப்பானியர் வந்தபோது 1942இல் நடந்தே திரும்பிய கதை என்று ஒவ்வொரு வளவிலும் ஒன்று கிடைக்கும். அந்த ஆற்றைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஐராவதி ஓடுகிற விதம் கொஞ்சம் மாறியிருந்தால் இந்தத் தூணும் இங்கே வந்திருக்காது, வீட்டைக் கட்டிய பணமும் வந்திருக்காது. அதனால் ஆற்றை அதன் தலையிலிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம்.

மியான்மரின் வடகோடியில், கச்சின் மாநிலத்தில், இமயத்தின் கிழக்கு நுனி வந்து முடிகிறது. அங்கேதான் 5,881 மீட்டர் உயரமுள்ள ககபோ ராசி இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பனியாறுகளிலும் மலைச்சரிவுகளிலும் பிறந்து, நமாய், மாலி என்று இரண்டு ஆறுகள் தெற்கே இறங்குகின்றன. நமாய்தான் பெரியது, ஆனால் படகு விடமுடியாத வேகம். மாலியில் சிறு படகுகள் போகும். மிச்சினா நகரத்துக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் இரண்டும் கலக்கின்றன. அந்த இடத்தின் பெயர் மியிட்சோன். பர்மியச் சொல்லுக்குப் பொருளே ஆறுகள் கூடுமிடம் என்பதுதான், நாம் கூடுதுறை என்று சொல்வதைப் போல. அதற்குக் கீழேதான் ஆற்றுக்கு ஐராவதி என்று பெயர். இந்திரனுடைய ஐராவதத்தோடு சேர்த்து, யானை ஆறு என்று பொருள் சொல்வார்கள். யானைக்கும் இந்த ஆற்றுக்கும் நிஜமாகவே ஒரு தொழில் உறவு உண்டு, அது பிறகு வரும்.

அங்கிருந்து அந்தமான் கடல் வரை ஆற்றின் நீளம் ஏறத்தாழ 2,170 கிலோமீட்டர். மியான்மர் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இதன் வடிநிலம்தான்.

சரி, பனியாற்றில் பிறந்த ஆறு, அதனால் பனி உருகி ஆண்டு முழுவதும் தண்ணீர் வருகிறது, அதனால் வற்றுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கைப் போட்டுவிடத் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐராவதியைப் பொறுத்தவரை அது அரைகுறை உண்மை. பனி, கோடையில் ஆற்றின் தலைப்பக்கம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கடலுக்குப் போகிற மொத்தத் தண்ணீரில் பனியின் பங்கு சிறியது. பெரும்பங்கு தென்மேற்குப் பருவமழை. பிப்ரவரி, மார்ச்சில் ஆறு ஒடுங்கி, நடுவில் மணல்திட்டுகள் தெரியும். ஆகஸ்டில் அதே ஆறு நடுப் பர்மாவின் மாந்தலை நகரத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்து நிற்கும், மூன்று மாடி வீட்டு உயரம்.

எவ்வளவு தண்ணீர் என்பதை நமக்குப் பழகிய அளவில் சொல்ல வேண்டுமென்றால் மேட்டூரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். காவிரியில் 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடி திறந்தபோது தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. ஐராவதியில் ஆண்டு முழுவதுக்குமான சராசரியே 4 லட்சம் கனஅடிக்கு மேல். வெள்ள நாட்களில் அது 10 லட்சத்தைத் தாண்டும். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, சராசரி ஓட்டத்திலேயே அதை மூன்று நாளுக்குள் நிரப்பிவிடும். நம் வைகை அணையை நிரப்ப நான்கு மணி நேரம் போதும். வைகையோ பாதி ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, கடலைத் தொடுவதே அபூர்வம். காரைக்குடிப் பக்கத்துத் தேனாற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதில் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்திப் பார்க்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐராவதியை நிரப்புகிற மழையைக் கொண்டுபோவது நம் தலைக்கு மேல் போகிற காற்றுதான். ஆடிக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, நம் பொட்டல் மேல் பெரும்பாலும் புழுதியை மட்டும் கிளப்பிக்கொண்டு கிழக்கே போகிறது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது மறுபடியும் ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான் மலையில் மோதியதும் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் கடற்கரையில் சில ஊர்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நமக்கு 900 சொச்சம். கானாடுகாத்தானில் ஆடியில் கதவு அடித்துக்கொள்ளும்போது கச்சின் மலையில் வெள்ளம் கிளம்பிக்கொண்டிருக்கும். அப்புறம் ஐப்பசியில் காற்று திரும்பி நம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் சமயம், அங்கே வெள்ளம் வடிந்து கதிர் முற்ற ஆரம்பிக்கும்.

ஆற்றோடு கீழே வருவோம். மிச்சினாவுக்கும் மாந்தலைக்கும் நடுவே மலை மூன்று இடங்களில் ஆற்றை நெருக்குகிறது. அந்த இடுக்குகளில் ஆறு குறுகி, ஆழமாகி, சுழித்துப் போகும். அங்கே பாறைகளுக்கு இடையில் கப்பல் ஓட்டியவர்களுக்குத் தனித் திறமை வேண்டியிருந்தது. ஆனால் இந்த இடுக்குகளை விட்டால் ஆறு மிகவும் சாது. மிச்சினா நகரமே கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அதாவது பனிமலையில் பிறந்த ஆறு, தன் இறக்கத்தையெல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே இறங்கி முடித்துவிடுகிறது. மாந்தலையின் உயரமும் காரைக்குடியின் உயரமும் ஏறக்குறைய ஒன்று, எழுபது எண்பது மீட்டர். காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடற்கரைக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மாந்தலையிலிருந்து ஆற்று வழியாகக் கடலுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். நாம் ஐம்பது கிலோமீட்டரில் இறங்குகிற இறக்கத்தை அந்த ஆறு ஆயிரம் கிலோமீட்டருக்கு நீட்டிக்கொண்டு இறங்குகிறது. தரை கிட்டத்தட்டச் சமம். வேகம் அடக்கம், அகலம் அதிகம்.

இந்தச் சமதரைதான் பர்மாவின் வணிகத்தையே முடிவு செய்தது என்பேன். நீராவிக் கப்பல் மாந்தலைக்கும் மேலே, பாமோ வரைக்கும் ஆண்டு முழுவதும் போய்வர முடிந்தது. 1865இல் தொடங்கிய ஐராவதி புளோட்டில்லா கம்பெனி 1920களில் 600க்கும் மேற்பட்ட கலங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் நெருங்கியபோது, 1942இல், அவற்றில் பெரும்பாலானவற்றைக் கம்பெனிக்காரர்களே ஓட்டை போட்டு ஆற்றில் மூழ்கடித்தார்கள். அது தனிக் கதை. ஆற்றைக் கடக்கப் பாலமும் வெகுகாலம் ஒன்றே ஒன்றுதான், மாந்தலைக்குப் பக்கத்தில், பழைய தலைநகரான ஆவாவில் 1934இல் கட்டிய ஆவா பாலம். போரில் அதையும் தகர்த்தார்கள், 1954இல் திரும்பக் கட்டினார்கள்.

ஆவா இருக்கிற இடத்தில் ஆறு ஒரு விசித்திரம் செய்கிறது. வடக்கிலிருந்து நேராக வந்த ஆறு, மாந்தலையைத் தாண்டியதும் சட்டென்று மேற்கே திரும்புகிறது. முன்னொரு காலத்தில் நேராகத் தெற்கே, இன்றைய சிட்டவுங் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகவே கடலுக்குப் போயிருக்கும் என்று புவியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பக்கம் வடக்கு தெற்காகச் சகாயிங் பிளவு ஓடுகிறது, நிலம் இன்றைக்கும் அங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது அந்தப் பிளவில்தான். ஆவா பாலம் அன்று ஆற்றுக்குள் விழுந்தது.

மேற்கே திரும்பிய ஆறு சிந்த்வின் என்ற துணையாற்றைச் சேர்த்துக்கொண்டு பகான் வழியாகப் போகிறது. செட்டிநாட்டுக்காரருக்கு இந்தப் பகுதி சொந்த ஊர் போலத் தோன்றும். அரக்கான் மலை மழையைத் தடுத்துவிடுவதால் இங்கே மழை நம்மைவிடவும் குறைவு, பகான் பக்கத்தில் 600 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். முள்மரம், செம்மண் பொட்டல், எள், நிலக்கடலை. எங்கே பார்த்தாலும் நம் பனைமரம், அதே இனம். ஏணி வைத்து ஏறிப் பதநீர் இறக்குகிறார்கள், கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். இந்த வறண்ட நாட்டின் நடுவில் ஒரு கடல் போல அந்த ஆறு போகிறது. தண்ணீர் முழுவதும் வேறெங்கோ பெய்த மழை. வறண்ட ஊரில் வெளியூர்த் தண்ணீர் ஓடுவதற்கும் வறண்ட ஊரில் வெளியூர்ப் பணம் ஓடுவதற்கும் ஒப்புமை சொல்ல ஆசையாக இருக்கிறது, வேண்டாம்.

இப்போது மரம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, அமிழ்ந்துவிடும். அதனால் வெட்டப்போகிற மரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையையும் அதையடுத்த மேல்மரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே சாகவிடுவார்கள். இரண்டு மூன்று வருடம் நின்றபடியே காயும். அப்புறம்தான் வெட்டு. வெட்டிய மரத்தை யானை இழுத்துக்கொண்டுபோய்க் காய்ந்து கிடக்கிற மலை ஓடையில் போடும். அங்கேயே கிடக்கும், மழை வரும்வரை. நல்ல வெள்ளம் ஒன்று வந்து ஓடை நிரம்பினால் மரம் கிளம்பும், நடுவில் சிக்கினால் மறுபடி யானை வந்து தள்ளிவிட வேண்டும். ஓடை சின்ன ஆற்றில் சேர்ந்து, அது பெரிய ஆற்றில் சேர்கிற இடத்தில் மரங்களைப் பிடித்துப் பிரம்பால் கட்டித் தெப்பமாக்குவார்கள். தெப்பத்தின் மேல் ஒரு குடிசை, அடுப்பு, அதில் தெப்பக்காரர்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மிதந்து வருவார்கள். ஒரு வருடம் மழை தவறினால் மரம் ஓடையிலேயே அடுத்த வருடம் வரை காத்திருக்கும். வளையம் வெட்டியதிலிருந்து இரங்கூன் வந்து சேர ஐந்தாறு வருடம்கூட ஆகும்.

மலைச் சரிவில் வேகமும், சமவெளியில் நிதானமும், நடுவில் மழைக்கால வெள்ளமும் ஒரே ஆற்றில் இருந்ததால்தான் இது நடந்தது. வெள்ளம் இல்லையென்றால் மரம் ஓடையை விட்டு இறங்காது. சமவெளி இல்லையென்றால் தெப்பம் உருப்படியாக ஊர் சேராது. பள்ளத்தூர் முகப்பில் நிற்கிற தூண் ஏதோ ஒரு ஆவணியில் ஏதோ ஒரு மலை ஓடையில் காத்திருந்த மரம்.

தூண் வந்த கதை இது. தூணை வாங்கிய பணம் இன்னும் கீழேயிருந்து, டெல்டாவிலிருந்து வந்தது.

ஹென்சாடாவுக்கு மேலே தொடங்கி ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தெற்கே, ஆறு விசிறி போல விரிந்து ஒன்பது வாய்கள் வழியாகக் கடலில் விழுகிறது. ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கும் மேல் வண்டல் கொண்டுவருகிறது. உலகத்தில் இவ்வளவு மண் சுமக்கிற ஆறுகள் மிகக் குறைவு. இந்த வண்டலிலும் பனிக்குள்ள பங்கைப் பெரிதுபடுத்த வேண்டாம். மேற்கே சிந்த்வின் பக்கத்து மலைகள் இளசான மணற்கல்லும் களிமண் பாறையும், கனமழையில் கரைந்து வந்துவிடும். எல்லாம் கீழே வந்து, வேகம் செத்துப்போகிற இடத்தில் படிகிறது. டெல்டா என்பதே அப்படிப் படிந்த மண். ஒரு பங்கைக் கடல் நீரோட்டம் கிழக்கே மர்த்தபான் வளைகுடாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்தபோது இந்த டெல்டாவில் பெரும்பகுதி அலையாத்திக் காடும் கோரைப்புல்லும் சதுப்பும்தான். 1850களில் கீழ்ப்பர்மாவின் நெல் நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதானது ஒரு காரணம். ஆற்றோரம் கரைகள் போட்டது இன்னொரு காரணம். ஆனால் காட்டை வெட்டிச் சதுப்பைத் திருத்துகிற குடியானவனுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஒரு மணி நெல் வராது. மாடு வேண்டும், விதை வேண்டும், கூலி வேண்டும், அதுவரை சாப்பாடு வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அந்தச் சேற்றில் இறங்கவில்லை. நம் ஆட்கள் இறங்கினார்கள்.

செட்டியார் பெட்டியடிகள் இருந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், வண்டல் படிந்த இடத்தையும் ஆற்றுக் கிளைகளையும் குறித்தது போலவே இருக்கும். பசீன், பியாபோன், போகலே, ஹென்சாடா. படகு போகிற இடமெல்லாம் கடை. நடவுக்கு முன்னால் ஆனி, ஆடியில் கடன், அறுவடை முடிந்து தை, மாசியில் வசூல். வட்டித் தவணையை வகுத்தது ஆற்றின் வெள்ளமும் வடிச்சலும்தான். 1929-30இல் பர்மாவில் உட்கார்ந்த வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவர்கள் போட்டிருந்த மொத்தப் பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்குச் சொன்னது. அன்றைய 75 கோடி. ஆத்தங்குடிக் கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. கடனைக் கட்ட முடியாத குடியானவனின் நிலம் கடனுக்கு ஈடாகக் கைமாறியது. 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றுதான் பெரும்பாலான முதலாளிகள் நினைத்தார்கள், ஏனென்றால் சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு பள்ளத்தூரில் என்ன செய்ய முடியும்? ஆனால் தாத்தா வெட்டித் திருத்திய நிலத்தைப் பேரன் இழந்து அதிலேயே குத்தகைக்கு உழும்போது, முதலாளியின் மனசுக்குள் என்ன இருந்தது என்று அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியதும், 1960களில் மிச்சமிருந்த இந்தியர்கள் பெருமளவில் வெளியேற நேர்ந்ததும் இதிலிருந்து வளர்ந்த கோபத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்னும் இருக்கிறது, பஸ்ஸில் ஏறிக் கேட்டால் இறக்கிவிடுவார்கள்.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். இரங்கூன் ஐராவதிக் கரையில் இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அது இருப்பது இரங்கூன் ஆற்றில். ஐராவதியின் பெரிய கிளைகளிலிருந்து அங்கே போக ட்வாண்டே கால்வாய் என்று 35 கிலோமீட்டருக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். டெல்டாவிலிருந்து நெல் படகுகள் துறைமுகத்துக்கு வந்த குறுக்கு வழி அது.

இன்றைய ஆற்றுக்கு வருவோம். மியிட்சோனில், இரண்டு ஆறும் கூடுகிற அதே இடத்தில், சீன முதலீட்டில் 6,000 மெகாவாட் மின்சாரத்துக்கு அணை கட்டத் தொடங்கினார்கள். கச்சின் மக்களுக்கு அது மூலத்தலம் போன்ற இடம், எதிர்ப்பு நாடு முழுவதும் பரவியது, 2011 செப்டம்பர் 30ஆம் தேதி அதிபர் தெயின் செயின் வேலையை நிறுத்தி வைத்தார். மின்சாரமா, கோயிலா என்று மட்டும் அந்த விவாதத்தைப் பார்த்தால் பாதிதான் தெரியும். அணை தண்ணீரோடு மண்ணையும் நிறுத்தும். டெல்டா உட்கார்ந்திருப்பது இளகின வண்டலின் மேல், அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். மேலே புது வண்டல் வந்து படிந்துகொண்டே இருந்தால்தான் கடலுக்கு ஈடு கொடுக்கும். கடல்மட்டம் உயர்கிற காலத்தில் வண்டலும் குறைந்தால் உப்புத்தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குள் ஏறும். காவிரி டெல்டாவின் கடைமடையில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

டெல்டாவின் தென்பகுதியில் பெரும்பாலான இடம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. மேடு என்று ஓடி ஏற ஒன்றும் இல்லை. நெல்லுக்காக அலையாத்திக் காட்டையும் வெட்டியாகிவிட்டது. 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் அங்கேதான் கரையேறியது. காற்றைவிடத் தண்ணீர்தான் ஆளைக் கொன்றது. மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் கடல், ஆற்று வாய்கள் வழியாகவே உள்ளே நுழைந்தது. வண்டலும் நெல்லும் போன அதே வழி, திசைதான் மாறி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறத்தாழ 1,38,000 பேர்.

அந்த வாரம் தேவகோட்டையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ஊர்ப் பெயர்களைத் தடுமாறித் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஐயாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். பர்மாவுக்குப் போனதே இல்லை, அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பெட்டியடியில் அடுத்தாளாக, உதவியாளாக இருந்தவர். ஐயா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி ஒவ்வொரு பெயருக்கும் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தார். போகலே என்று வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து, "அது ஆத்து மேலேயே இருக்க ஊரு. கடைக்குப் பின்பக்கமே படகு கட்டுவாகளாம்" என்றார்.